யார் கட்டிய மாளிகை?



தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது யார் என்று வாத்தியார் கேட்டாராம். எல்லாப் பிள்ளைகளும் 'இராஜராஜ சோழன்' என்று சொல்ல, கடைசி வாங்குப் பையன் மட்டும் எழுந்து, "கொத்தனார் சார்!" என்றானாம். நம் பாட்டன் காலத்து நகைச்சுவை இது. கேட்டவர்கள் சிரிப்பார்கள், பையன் தலையில் ஒரு குட்டு விழும். ஆனாலும் அவன் சொன்ன பதிலைக் கொஞ்சம் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பயணத்தில் அது நமக்கு உதவும்.

பள்ளி விடுமுறை வந்தால் "எங்கேம்மா போகலாம்?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பேரங்காடிக்குக் கூட்டிப் போனால் கண்ணில் பட்டதையெல்லாம் கேட்பார்கள். கையில் உள்ள வெள்ளி கரைந்துவிடும். இம்முறை அரண்மனையும் மாளிகையும் பார்க்கப் போவோம். புக்கிட் மெர்தாஜாம் இரயில் நிலையம் இருக்கும்போது நமக்கு என்ன குறை? மேற்கே போனால் பட்டர்வொர்த். அங்கிருந்து கடலைத் தாண்டினால் பினாங்குத் தீவு. தெற்கே போனால் நிபோங் திபால், கோலகங்சார், பத்து காஜா. ஒரே தண்டவாளத்தில் கோத்து வைத்த மணிகளைப் போல இத்தனை இடங்கள்.

போகிற இடமெல்லாம் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். இது யாருடைய பணம்? இதில் பட்டது யாருடைய கை? இத்தனை காலம் இதைக் காப்பாற்றியது யார்?

கடலுக்கு அப்பால்

காலையில் பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். மதியத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டால் செலவு மிச்சம். குடையும் தண்ணீர்ப் போத்தலும் அவசியம். அடையாளக் கார்டை மறக்க வேண்டாம். சில இடங்களில் மலேசியருக்குக் கட்டணம் குறைவு. கார், லாரிகளை ஏற்றிச் சென்ற பழைய பெரிகள் 2020-ஆம் ஆண்டு முடிவோடு ஓய்ந்துவிட்டன. 2023 ஆகஸ்டு முதல் ஓடுகிற புதிய பெரிகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டுமே ஏற்றுகின்றன.

கரை இறங்கி வலப்பக்கமாக நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை வரும். இது அரண்மனை இல்லைதான். இருந்தாலும் ஐந்து நிமிடம் நின்று அந்தச் செங்கல் மதிலைத் தொட்டுப் பாருங்கள். பிரான்சிஸ் லைட் 1786-இல் இங்கே இறங்கியபோது நட்டது வெறும் நிபோங் மரக் கழிகளால் ஆன வேலி. இப்போது நாம் பார்க்கும் மதிலை 1804 முதல் 1810 வரையிலான ஆண்டுகளில் எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள். அந்தச் செங்கற்களை அடுக்கியவர்களில் எவர் பேரும் அங்கே இல்லை. கோட்டைக்குப் பேர் கொடுத்தவர் கார்ன்வாலிஸ் பிரபு. அவர் இந்தியாவின் தலைமை ஆளுநர்.

அரண்மனை என்றே பேர் பெற்ற ஒன்றுக்கும் இதே கதைதான். சிங்கப்பூர் அதிபரின் 'இஸ்தானா' 1867-இல் தொடங்கி 1869-இல் முடிந்தது. சாதிக்காய்த் தோட்டமாக இருந்த நிலத்தில், இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்த கட்டடம் அது. தீபாவளி போன்ற சில பெருநாட்களில் பொதுமக்களுக்கு அதன் வாசலைத் திறந்துவிடுகிறார்கள். உங்கள் உறவினர் யாராவது சிங்கப்பூரில் இருந்தால், அடுத்த தீபாவளிக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈயத்தில் எழுந்த வீடு

கோட்டைக்குப் பக்கத்திலேயே சர்ச் ஸ்திரீட் இருக்கிறது. இன்றைய பேர் லெபோ கெரெஜா. அங்கே பச்சை நிறத்தில் ஒரு பெரிய மாளிகை நிற்கும். 1890-களில் கப்பித்தான் சுங் கெங் குவீ கட்டியது. இன்று பினாங்கு பெரானாக்கான் மாளிகை என்ற காட்சியகம்.

இந்தச் சுங் கெங் குவீ சாதாரண ஆள் இல்லை. ஹாய் சான் என்ற கூட்டத்தின் தலைவர். பேராக்கின் லாருட் பகுதியில் ஈயச் சுரங்கங்களுக்காக ஹாய் சானும் கீ ஹின்னும் ஆண்டுக்கணக்கில் வெட்டிக்கொண்டு மடிந்தன. 1874-இல் பங்கோரில் உடன்படிக்கை ஆனபோது கையெழுத்திட்டவர்களில் இவரும் ஒருவர். அப்புறம் இவர் வீடு கட்டத் தேர்ந்தெடுத்த இடம் எது தெரியுமா? எதிரிகளான கீ ஹின்னின் பழைய தலைமையகம் இருந்த அதே மனை!

உள்ளே நுழைந்தால் நடுவில் வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் நிற்கும் இரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவை. தரையில் பதித்த பூப்போட்ட ஓடுகள் இங்கிலாந்தில் செய்தவை. கண்ணாடி அலமாரிகளில் பாபா நோன்யா குடும்பங்களின் நகைகள், மணி வேலை செய்த செருப்புகள், பீங்கான் பாத்திரங்கள். நம் பெண்மணிகளை அந்த நகை அலமாரியை விட்டு நகர்த்துவது பெரும்பாடு! ஒன்று சொல்லிவிடுகிறேன். சுங் கெங் குவீ பாபா இனத்தவர் அல்லர். அவர் ஹாக்கா சீனர். பொருட்கள் பின்னாளில் சேகரித்து வைத்தவை. பாழடைந்து கிடந்த வீட்டைத் தனியார் ஒருவர் வாங்கிச் செப்பனிட்டு அந்தச் சேகரிப்பை வைத்திருக்கிறார்.

அரண்மனையைப் போல் இருந்ததால் எரிந்ததாம்!

அங்கிருந்து குவீன் ஸ்திரீட் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, நம் கடைத்தெரு வழியாக நடந்தால் குவூ கொங்சி. ஒரு குறுகிய சந்து. அதற்குள் நுழைந்தால் திடீரென்று விரிகிற முற்றமும் அதன் நடுவே அந்தக் கட்டடமும் பெரியவர்களையே வாய் பிளக்க வைக்கும்.

இது குவூ என்ற குலத்தாரின் பொது வீடு. அவர்கள் முதலில் எழுப்பிய பெரிய கட்டடம் 1901-இல், முடிந்த கையோடு தீப்பிடித்து எரிந்து போனது. சீனச் சக்கரவர்த்தியின் அரண்மனைக்குப் போட்டியாகக் கட்டியதால் தெய்வத்துக்கே பொறுக்கவில்லை என்று ஊரில் ஒரு கதை உண்டு. ஆகவே இரண்டாம் முறை கொஞ்சம் அடக்கமாகக் கட்டினார்களாம், 1906-இல் முடித்தார்கள். இந்தக் கூரைச் சிற்பங்களைப் பார்த்தபின், அடங்காத முதல் கட்டடம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது சிற்பத்தைவிடப் பணம் வந்த வழியை. இது ஒரு தவுக்கேயின் சொத்து அன்று. 1835-இல் குலத்தில் நூற்றுச் சொச்சம் பேர் கூடிக் காசு போட்டு ஆரம்பித்த பொது நிதி, நிலமாகி, வாடகை வீடுகளாகி, இந்த மண்டபமாக வளர்ந்தது.

நம்மவருக்கும் இந்த வழி தெரியாததில்லை. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர் குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து தெருவுக்கு வந்தன. அப்போது துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி கேட்டார். பால்மரம் வெட்டிய கைகள் கொடுத்த அந்தப் பத்துப் பத்து வெள்ளியில் 1960-இல் பிறந்ததுதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். அதன் முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். இதைக் குவூ கொங்சி முற்றத்தில் நின்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நீல மாளிகை

அடுத்தது லீத் ஸ்திரீட். பினாங்கில் அதிகம் படம் பிடிக்கப்பட்ட வீடு இதுவாகத்தான் இருக்கும். சியோங் பாட் சீ கட்டிய நீல மாளிகை. இவர் 1840-இல் சீனாவின் குவாங்டோங்கில் பிறந்து, இளவயதில் பத்தாவியா போய்ப் பிழைத்தவர். தண்ணீர் சுமந்து வாழ்க்கையைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். வியாபாரத்தில் உயர்ந்து, பினாங்கில் சீன அரசின் தூதராகவும் இருந்தார். 1916-இல் இவர் இறந்தபோது டச்சுக்காரர்கள் தங்கள் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார்களாம்.

வீட்டில் 38 அறைகள், 5 முற்றங்கள், 7 மாடிப்படிகள், 220 சன்னல்கள். கூட்டிப் பெருக்கவே ஒரு பிறட்டு ஆள் வேண்டும்! சுவரின் நீலம் எங்கிருந்து வந்தது? அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலச் சாயத்தைச் சுண்ணாம்பில் கலந்து அடித்தது. அந்த நீலம் அக்காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தது. கூரை விளிம்பில் பூவும் பறவையுமாகத் தெரிகிற வேலையை அருகே போய்ப் பாருங்கள். வண்ணப் பீங்கான் கிண்ணங்களைத் துண்டு துண்டாக நறுக்கி ஒட்டிச் செய்தவை அவை.

இந்த வீட்டைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதன் தேய்ந்த காலத்தை. கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று அவர் உயில் எழுதி வைத்திருந்தார். வீடு இருந்தது, பராமரிக்கப் பணம் இல்லை. அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். பல குடும்பங்கள் குடியிருந்து, முற்றத்தில் துணி காய்ந்தது. ஓடு ஒழுகியது, சுவர் பெயர்ந்தது. 1989-இல் கடைசி மகனும் காலமான பின்தான் கை மாறியது. பினாங்கைச் சேர்ந்த சிலர் கூட்டாக வாங்கி, பழைய முறையிலேயே செப்பனிட்டு, 2000-இல் யுனெஸ்கோவின் பாராட்டு விருதும் பெற்றார்கள். இப்போது தங்கும் விடுதியாகவும் காட்சி இல்லமாகவும் இருக்கிறது. பார்வை நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

எட்டு மனைவியர், கப்பல், வங்கி எல்லாம் இருந்த செல்வந்தரின் வீடே அறுபது எழுபது ஆண்டில் ஒழுகத் தொடங்கிவிட்டது பார்த்தீர்களா? பணம் வீட்டைக் கட்டும். காப்பாற்றுவதற்கு அக்கறையுள்ள ஆள் வேண்டும்.

நேரம் மிஞ்சினால் பேருந்து ஏறி ஆயர் ஈத்தாம் சாலையில் உள்ள சபோக் மாளிகைக்குப் போகலாம். பிரான்சிஸ் லைட்டின் மிளகுத் தோட்டம் இருந்த இடம் அது. பின்னாளில் ஆளுநராக இருந்த வில்லியம் பிலிப்ஸ் காலத்தில் இந்த வெள்ளை மாளிகை எழுந்தது. பிறகு மெதடிஸ்ட் பள்ளிக்கூடமாகிப் பிள்ளைகள் படித்தார்கள். 1970-களில் இடியும் நிலைக்கு வந்து கைவிடப்பட்டது. கூரை போய், மரம் முளைத்து, இனி அவ்வளவுதான் என்று இருந்ததை 2007-இல் மீட்டெடுத்தார்கள். திறந்திருக்கிறதா என்று முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போங்கள்.

தண்டவாளம் தெற்கே போகிறது

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, தெற்கே போகும் இரயிலில் ஏறுங்கள்.

நிபோங் திபால் வந்ததும் சன்னல் வழியாகப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லலாம். இந்த வட்டாரத்தில் முதலில் விளைந்தது கரும்பு. கரும்பு வெட்டத்தான் நம் முன்னோர் செபராங் பிறைக்குக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவரப்பட்டார்கள். ரப்பர் பிறகு வந்தது. ஊருக்கு வெளியே கலிடோனியா தோட்டத்தில் ஒரு பெரிய துரை பங்களா. இங்கிலாந்தின் ராம்ஸ்டன் குடும்பத்துடையது. பக்கத்துத் தோட்டத்துக்குப் 'பைராம்' என்று பேர் வந்ததும் அந்தக் குடும்பத்தின் சீமை மாளிகைப் பேரால்தான். பங்களாவுக்கு ஊரார் வைத்த பேர் 'தொண்ணூற்றொன்பது கதவு வீடு'. 1948-இல் ஜான் ராம்ஸ்டன் துரை அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் அந்த வீடு பாழாகி, பேய்க் கதைகளுக்கு இருப்பிடமாகிவிட்டது. இடிந்த கட்டடம் ஆபத்து; உள்ளே போக வேண்டாம். கதையைக் கேட்டாலே போதும். தொண்ணூற்றொன்பது கதவு வைத்த வீட்டில் இன்று திறக்க ஆள் இல்லை!

கோலகங்சாரில் இறங்கினால் இரண்டு காரியங்கள். முதலாவது, மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி கட்டிக் காக்கப்படும் ஒரு பால்மரம். 1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பதை ரெசிடெண்டு ஹியூ லோ இங்கே நட்டார். அந்தத் தலைமுறையில் மிஞ்சிய மரம் இது. நம் பாட்டன் பாட்டியைக் கப்பலேற்றிய மரம் என்றே சொல்லலாம். நாலு தலைமுறையாக விடியற்காலையில் நாம் கத்தியோடு போய் நின்றது இதன் வம்சத்தின் முன்னால்தான். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, இஸ்தானா கெனாங்கான். 1926-இல் தொடங்கிய மர அரண்மனை. சுல்தான் இஸ்கண்டார் ஷா, தமது புதிய அரண்மனை முடியும்வரை, 1931 முதல் 1933 வரை இதில் தங்கினார். மூங்கிலை முடைந்து செய்த சுவர்களில் மஞ்சள், கறுப்பு, வெள்ளை நிறங்களில் கட்டம் கட்டமாகக் கோலம் போட்டதைப் போல் இருக்கும். வரைபடமும் இல்லாமல், ஓர் ஆணியும் அடிக்காமல் எழுப்பியது என்பார்கள். கட்டியவர் சொபியான் என்ற மலாய்த் தச்சர்; கூட உழைத்தவர்கள் அவர் மகன்கள் சுல்கிப்ளியும் அபாஸும். பார்த்தீர்களா? நம் மூன்று கேள்விகளில் இரண்டாவதற்குப் பேரோடு பதில் கிடைத்த இடம் இது. உளி பிடித்தவன் பேரைச் சுல்தான் பேரோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

கடைசி இடம் பத்து காஜா. வில்லியம் கெல்லி சுமித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இருபது வயதில் மலாயா வந்து, ரப்பரிலும் ஈயத்திலும் சம்பாதித்துத் தொடங்கிய கெல்லி கோட்டை அங்கே இருக்கிறது. மகன் பிறந்த 1915-ஆம் ஆண்டில் இதைக் கட்டத் தொடங்கினார். செங்கல் இந்தியாவிலிருந்து வந்தது. வேலை செய்ய மதராசிலிருந்து நம் ஆட்களும் வந்தார்கள். வேலை நடக்கும்போதே கொள்ளை நோயாய்க் காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் மடிந்தார்கள். "அம்மனுக்குக் கோயில் கட்டினால்தான் அடங்கும்" என்று அவர்கள் துரையிடம் கேட்டார்கள். துரையும் கட்டிக் கொடுத்தார். கோட்டைக்கு அருகில் அந்த மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அதன் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பியும் வெள்ளைக் கோட்டுமாக ஒருவர் நிற்பார். அவர்தான் துரை!

கோட்டை கடைசிவரை முடியவில்லை. மின்தூக்கி வாங்க ஐரோப்பா போன சுமித், 1926-இல் லிஸ்பனில் சளிக்காய்ச்சல் கண்டு இறந்தார். மனைவி எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். துரை குடியேறாத அந்த வெற்றுக் கோட்டையைக் காசு கொடுத்துப் பார்க்கிறோம். கூலிகள் கேட்டு வாங்கிய கோயிலிலோ விளக்கு எரிகிறது. அம்மனுக்காகக் கேட்டவர்களின் பேர் என்ன? காய்ச்சலில் போனவர்கள் யார் யார்? துரைக்குச் சிலை வைத்த நன்றியுள்ள கைகள், தங்கள் பேரை ஓர் ஓரத்தில்கூடப் பொறிக்கவில்லை.

நம் வீடு

இத்தனை மாளிகை பார்த்தபின் நம் வீட்டுக்கு வருவோம். தகரக் கூரை போட்ட லயத்து வீடு. முன்னால் ஒரு தூண், பின்னால் குசினி, வாசலில் முருங்கை, கோடியில் மாரியம்மன் கோயில், அந்தப் பக்கம் ஆயாக் கொட்டகை, தமிழ்ப் பள்ளிக்கூடம். நம்மில் பலர் இன்று தாமானிலும் அடுக்குமாடியிலும் இருக்கிறோம். பழைய தோட்டம் வீடமைப்புப் பகுதியாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறியிருக்கும். அந்த லயத்துக்கு யுனெஸ்கோ விருது வரப் போவதில்லை. ஒரு காலை நேரத்தில் மண்வாரி இயந்திரம் வந்தால் மத்தியானத்துக்குள் தரைமட்டம். அப்புறம் பேரப்பிள்ளைக்குக் காட்ட நம்மிடம் என்ன இருக்கும்?

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பிள்ளை கையில் கொடுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த ஊரிலிருந்து, யாரோடு வந்தார்கள்? தோட்டத்தின் பேர் என்ன, எந்த டிவிஷன், லயத்தில் எத்தனையாவது வீடு? பக்கத்து வீட்டில் யார்? மண்டோர் யார், கிராணி யார்? கோயிலுக்கு முதல் கல் போட்டது யார்? பள்ளியில் முதலில் பாடம் சொன்ன வாத்தியார் யார்? சொல்லச் சொல்லப் பேரோடு எழுதட்டும். பழைய புகைப்படங்களின் பின்னால் பென்சிலால் பேரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். பிறப்புப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டு, கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம் எதையும் 'பழசு' என்று தீயில் போட வேண்டாம். லயம் இன்னும் நின்றால், இந்த மாதமே போய்க் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். வீட்டு எண் தெரியும்படி எடுங்கள்.

அந்தக் கடைசி வாங்குப் பையனுக்கு விழுந்த குட்டு நியாயமானதா என்றும் சொல்லிவிடுகிறேன். 1010-இல் பெரிய கோயிலை முடித்த இராஜராஜன், அதன் சுவர்களில் தன் பேரை மட்டும் வெட்டி வைக்கவில்லை. கட்டிய தலைமைத் தச்சன் குஞ்சரமல்லன் என்ற பேர் அங்கே கல்லில் இருக்கிறது. கோயிலில் பணி செய்த ஆடல் மகளிர் நானூறு பேருக்கும், ஒவ்வொருவரின் பேர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்று விவரம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து அவர்களை நாம் வீட்டு எண்ணோடு தெரிந்துகொள்கிறோம்.

நம் வீட்டு எண் ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது இருக்கட்டும். எழுதி முடித்ததும் மறக்காமல் ஒரு பிரதி எடுத்து, ஊரில் இன்னொரு உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

பயணம் நலமாகட்டும். அடுத்த இதழில் சந்திப்போம்.